வைரஸ் வண்டி எப்போது கிளம்பும்?

ஜீவிதா வரைகிற கார்ட்டூனில் கம்ப்யூட்டர் வைரஸ்கள் எல்லாம் பஸ்ஸில்தான் போகும்.

வேறு எதில் போகும்? அவளுடைய அப்பா ராயப்பராஜ், திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்தப் பஸ்ஸின் சீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடக்கவே பழகினாள் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்டவள், வைரஸ்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு எப்படிப் போகும் என்று யோசித்தால், ஓர் ஓட்டை பஸ்ஸைத் தவிர வேறென்ன கண்ணில் தெரியும்?

கார்ட்டூனுக்குப் பெயர் 'வைரஸ் வண்டி'.

ஏழாம் வகுப்பு படிக்கிற ஜீவிதா செல்போனில் விரலால் படம் வரைவாள். அவளோடு படிக்கிற ரிஃபாத் அந்தப் படங்களை அசைய வைப்பான். சித்தப்பா மகன் ஸ்டான்லி அண்ணன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன் எல்லாவற்றையும் கோத்து, சத்தத்தைச் சேர்த்து, இணையத்தில் ஏற்றிவிடுவான்.

வண்டியை ஓட்டுவது தூங்குமூஞ்சி என்கிற வைரஸ். அவன் நுழைந்த கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகரும். நகலம்மா என்று ஒருத்தி உண்டு. முதல் ஸ்டாப்பில் ஒரே ஒருத்தியாக ஏறுவாள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எல்லா சீட்டிலும் அவளே உட்கார்ந்திருப்பாள். பூட்டுத்தலையன் எதைப் பார்த்தாலும் பூட்டிவிட்டுச் சாவியை விழுங்கிவிடுவான். கல்யாண போட்டோ, பாட்டு, பரீட்சை மார்க் என்று எதையும் விட்டுவைக்க மாட்டான். திண்டுக்கல்லில் பிறந்த வைரஸ் பூட்டாமல் வேறென்ன செய்யும்?

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கிறவர்தான் கண்டக்டர் கிருமிக்கண்ணு. அவருக்குக் குரல் கொடுத்தது ஜீவிதாவின் அப்பா.

"ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, பள்ளிக்கூடமெல்லாம் ஏறு! ஏம்மா நகலு, உள்ள தள்ளிப் போம்மா! உள்ள அம்புட்டு எடம் கெடக்கு, வாசல்லயே தொங்குனா எப்படி?"

அந்தக் குரலைக் கேட்டாலே பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வைரஸ்களைப் பிடிக்க வரும் ஆன்டிவைரஸ்தான் செக்கிங் இன்ஸ்பெக்டர். அவர் திடீரென்று வண்டியில் ஏறி, "டிக்கெட்! டிக்கெட்ட எடு!" என்று அதட்டுவார். ஒருத்தரிடமும் டிக்கெட் இருக்காது. எல்லோரையும் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார். கிருமிக்கண்ணு மட்டும் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு, "இது போனா அடுத்த கம்ப்யூட்டரு! போலாம் ரைட்!" என்று கத்துவார். ஒவ்வொரு கதையும் அப்படித்தான் முடியும்.

அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கிற நாளில்தான் குரல் பதிவு நடக்கும். தெருச் சத்தம் கேட்காமலிருக்க, ஒரு கம்பளிப் போர்வைக்குள் அப்பாவும் ஜீவிதாவும் ரிஃபாத்தும் தலையை நுழைத்துக்கொள்வார்கள். வேர்த்துக் கொட்டும். ரிஃபாத் பூட்டுத்தலையனாகச் சாவியை விழுங்கி ஏப்பம் விடுவான். அப்பா சிரிக்க, போர்வையே குலுங்கும்.

"உள்ள என்ன நடக்குது? மூச்சு முட்டிச் செத்துராதீக!" என்று அம்மா அன்புக்கரசி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்.

போன கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாம் இப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. பஸ்ஸில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிளகு ரசம் குடித்தார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மதுரைக்குப் போய்க் காட்டியபோது, தொண்டைக்குள் குரல் வருகிற இடத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது.

ஆபரேஷன் நடந்தது. கட்டியால் உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டே ஜெபம் சொன்னார்.

ஆனால் குரல் போய்விட்டது. அப்பா வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் ஒன்றிரண்டு வார்த்தை புரியும். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

"குரல் திரும்ப வருமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

அப்பா ஜூன் மாதம் மறுபடி வேலைக்குப் போனார். முதலாளி நல்ல மனிதர். அதே பஸ்ஸில் அதே வேலையைக் கொடுத்தார். ஆனால் வீடுதான் பழைய வீடாக இல்லை. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதையும் ஜீவிதா அப்பாவிடம் கேட்பதில்லை. கேட்டால் அவர் சிரமப்படுவாரே என்று பயம். கேட்காமல் இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

'வைரஸ் வண்டி'யும் நின்றுபோனது. கடைசியாக வந்த கதையில், வண்டி ஒரு பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரின் வாசலில் நிற்கும். கிருமிக்கண்ணு ஒரு காலைப் படியில் வைத்து, வாயைத் திறப்பார். அதோடு 'தொடரும்' போட்டிருந்தார்கள். மாதங்கள் ஓடியும் அவர் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"வைரஸ் வண்டி எப்போ கிளம்பும்?" என்று கார்ட்டூனுக்குக் கீழே பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டான்லி அண்ணன் அதையெல்லாம் படித்துக் காட்டுவான். ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

ஜீவிதா எட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு சின்னப் பிள்ளை எழுதியிருந்தது: 'கண்டக்டர் மாமா செத்துப் போயிட்டாரா?'

 ஜீவிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஏதாச்சும் பண்ணணும். வண்டியக் கெளப்பணும்."

ஸ்டான்லி அண்ணன் தலையைச் சொறிந்தான். "ஒரு வழி இருக்கு ஜீவி. பெரியப்பா பேசுன பழைய கதையெல்லாம் நம்மகிட்ட இருக்குல்ல? அதக் கம்ப்யூட்டருக்குக் குடுத்துட்டா, அது அவர் குரலக் கத்துக்கிரும். அப்பறம் நம்ம எழுதிக் குடுக்குறதையெல்லாம் பெரியப்பா மாதிரியே பேசும்."

"நெசமாவா? அப்படியே பேசுமா?"

"கண்ண மூடிக் கேட்டா வித்தியாசமே தெரியாது."

ஜீவிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவின் குரல் திரும்ப வரப்போகிறது! அதுவும் அவள் கொண்டுவரப் போகிறாள்! இதைக் கேட்டால் அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப் போனாள். முதலில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்காமலே பழகிவிட்டது அல்லவா!

சனிக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு. மத்தியானம் ஸ்டான்லி அண்ணன் லேப்டாப்போடு வந்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒண்ணு காட்டப் போறேன். கண்ண மூடுங்க" என்றாள் ஜீவிதா.

அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டான்லி அண்ணன் ஒரு பட்டனைத் தட்டினான்.

"ஏம்மா நகலு! பள்ளிக்கூடம் வந்துருச்சு, எறங்கு எறங்கு! போலாம் ரைட்!"

அப்பாவின் குரல். கணீரென்ற பழைய குரல். வீடே அதிர்ந்தது.

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

"என்னங்க! பேசிட்டீகளா? கர்த்தரே! பேசிட்டீகளா?"

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் வாய் மூடியிருந்தது. லேப்டாப் மறுபடியும், "போலாம் ரைட்!" என்றது.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் சேலையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா ஜீவிதாவைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கைகாட்டினார். அவள் போய்க் குனிந்தாள். காற்றும் மூச்சுமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நான்... இன்னும்... இருக்கேன்ல பாப்பா."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜீவிதா அழுதாள். அப்பா கோபத்தில் அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரை விட்டுவிட்டு, ஒரு பெட்டியைப் பேச வைத்து, இதுதான் நீங்கள் என்று காட்டியிருக்கிறாள்!

"நம்ம தப்பா எதுவும் பண்ணலையே ஜீவி. நல்லதுன்னுதான பண்ணோம்" என்றான் ஸ்டான்லி அண்ணன். அவன் முகமும் வாடிப் போயிருந்தது.

"நகலம்மா நம்ம வீட்டுக்குள்ளயே ஏறிட்டாண்ணே" என்றாள் ஜீவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இத அழிச்சுரு."

அண்ணன் அழித்தான்.

மறுநாள் விடிவதற்குள் அப்பா வேலைக்குப் போய்விட்டார். எழுந்து பார்த்தால், சாப்பாட்டுத் தூக்கு அலமாரியின் மேலேயே இருந்தது.

"மறந்துட்டாரா, மனசு சரியில்லாம விட்டுட்டாரான்னு தெரியல" என்றார் அம்மா. "முத நடை முடிஞ்சு வண்டி திரும்பியிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்க் குடுத்துட்டு வா. வேணும்னா அப்பாகூட ஒரு நடை போய்ட்டு வா. இன்னைக்கு லீவுதான."

பஸ் ஸ்டாண்டில் ஒரே சத்தம். "பழனி, பழனி, ஒட்டன்சத்திரம் பழனி!" "வத்தலக்குண்டு! உக்காந்து போலாம் வாங்க!" ஒவ்வொரு கண்டக்டரும் தொண்டை கிழியக் கத்தினார். அவர்களைப் பார்க்க ஜீவிதாவுக்குப் பொறாமையாக இருந்தது.

நத்தம் பஸ்ஸின் பின்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை.

ஜீவிதா ஒரு பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கத்திக் கூப்பிட முடியாத கண்டக்டரின் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? அப்பா அவமானப்பட்டு நிற்பதைத் தான் பார்க்க வேண்டியிருக்குமோ?

அப்பா கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

"பிப் பிப் பிப் பீ...ப்!"

டீக்கடையில் நின்ற ஓர் அம்மா, பாதி டீயை மடக்கென்று குடித்துவிட்டுக் காய்க்கூடையைத் தூக்கினார். "ஏலே, ராயப்பராஜு வண்டி கெளம்பப் போகுது. வாங்க, வாங்க!" என்று பக்கத்தில் இருந்தவர்களையும் கிளப்பினார். நாலைந்து பேர் ஓடிவந்து ஏறினார்கள்.

ஜீவிதாவும் ஓடிவந்து படியில் கால் வைத்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் தூக்கை உயர்த்திக் காட்டினாள். அப்பா உள்ளே கைகாட்டிவிட்டு, இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் சுருளிவேல் வண்டியை எடுத்தார்.

காய்க்கூடை அம்மாவின் பெயர் சிவனம்மாள். ஜீவிதாவுக்கு அவர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கூடை நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது.

அப்பா டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். கூடையைப் பார்த்ததும் ஒரு விசில். மேலே ஏறி, கீழே இறங்கி, கடைசியில் கொஞ்சம் இழுத்தது.

"எடுக்குறேன், எடுக்குறேன். அதுக்கு ஏன் இம்புட்டுக் கோவம்?" என்றார் சிவனம்மாள்.

அப்பா குட்டியாக ஒரு "பிப்" விட்டார்.

"சரி, கோவமில்லையாம்" என்று சிவனம்மாள் எல்லோருக்கும் அறிவித்தார். பின் சீட்டில் சிரிப்பு எழுந்தது.

படிக்கட்டில் இரண்டு அண்ணன்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா நீளமாக, வரவர உயர்ந்துகொண்டே போகிற ஒரு விசில் கொடுத்தார். அது முடிவதற்குள் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். "இந்த விசிலக் கேட்டா எங்கப்பா கத்துற மாதிரியே இருக்குடா" என்று ஒருவன் முணுமுணுத்தான்.

சாணார்பட்டி வந்தது. அங்கே இறங்க வேண்டிய ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா அவர் காதருகே குனிந்தார். குருவி கத்துவதுபோல மெல்ல மெல்ல, "ப்பீ... ப்பீ..." என்றார். தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்து, "கோழி கூவிருச்சா?" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

ஜீவிதா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் சிரிக்கும்போது குலுங்குகிற அதே தோள்தான்.

"ஏம்மா, எங்கப்பா விசில் உங்களுக்கு எப்படிப் புரியுது?" என்று சிவனம்மாளிடம் கேட்டாள்.

"ஓ, நீ ராயப்பராஜு மகளா? மொதல்ல எங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. பேச முடியாத மனுசங்கிட்ட என்னத்தப் பேசுறதுன்னு ஆளாளுக்கு ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தோம். அப்பறம் ஒருநா ஒருத்தன் எந் தக்காளிக் கூடைமேல உக்காரப் போனான். ஒங்கப்பா விட்டாரு பாரு ஒரு விசிலு! அவன் எந்திரிச்சு நேரா நத்தம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தான். அன்னையில இருந்து நாங்க பேசுறோம், அவரும் பேசுறாரு."

 தானும் வீட்டில் இத்தனை நாளாக ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று ஜீவிதாவுக்கு இப்போது தெரிந்தது. அப்பா பேசுவதை நிறுத்தவே இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் அவரிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். வண்டி ஒரு புளியமரத்து நிழலில் நின்றது. அப்பாவும் மகளும் கடைசி சீட்டில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள். தக்காளி சோறும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வெஞ்சனமும் இருந்தன. அப்பா மூடியில் அவளுக்குப் பாதியை வைத்தார்.

"அப்பா, அந்தக் குரல அழிச்சுட்டேன்" என்றாள் ஜீவிதா. "உங்ககிட்டக் கேக்காமப் பண்ணிட்டேன். மன்னிச்சுருங்கப்பா."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்பா." இத்தனை மாதங்களில் இதுதான் அவள் கேட்கிற முதல் பெரிய கேள்வி. "கிருமிக்கண்ணுக்கு நீங்கதான் பேசணும். பேசுவீங்களா?"

அப்பா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினார்.

"அதுல இல்லப்பா. இதுல." ஜீவிதா அவர் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டாள்.

அப்பா விசிலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

ஜீவிதா சட்டென்று எழுந்து நின்றாள். இடுப்பில் கையை ஊன்றி, செக்கிங் இன்ஸ்பெக்டராகக் குரலை மாற்றி அதட்டினாள்: "ஏய் கிருமிக்கண்ணு! இந்த வண்டியில ஒருத்தர்கிட்டயும் டிக்கெட் இல்ல! என்ன இது?"

அப்பா மென்று விழுங்கினார். விசிலை வாயில் வைத்தார்.

"ப்பீ... பி... பி... ப்..."

திருட்டு முழி முழிக்கிற விசில் அது. தொடங்கும்போதே நடுங்கி, பாதியில் கெஞ்சி, கடைசியில் சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

ஜீவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். சோறு புரையேறியது. முன்னால் காலை நீட்டிப் படுத்திருந்த டிரைவர் சுருளிவேல் எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா அது, செக்கிங்ல மாட்டுனது?" என்று சிரித்தார்.

அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஜீவிதா கதை எழுதினாள். பூட்டுத்தலையன் பூட்டுகிற ஆசையில், தெரியாத்தனமாகக் கிருமிக்கண்ணின் குரலையே பூட்டிச் சாவியை விழுங்கிவிடுகிறான். வண்டிக்குள் ஒரே குழப்பம். "நான் இருக்கேன்ல, நானே கண்டக்டர் மாதிரி பேசுறேன்!" என்று நகலம்மா கிளம்புகிறாள். அடுத்த நிமிஷம் பத்து நகலம்மாக்கள் பத்துப் பக்கமும் நின்று, "போலாம்", "நில்லு", "ஏறு", "எறங்கு" என்று கத்துகிறார்கள். தூங்குமூஞ்சி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் வண்டியைக் குப்பைத்தொட்டிக்குள் விட்டுவிடுகிறான். அப்போதுதான் கிருமிக்கண்ணு பையைத் துழாவி ஒரு விசிலை எடுக்கிறார்.

"கடைசியில பூட்டுத்தலையன் வாந்தியெடுத்து, சாவி கெடச்சு, குரல் திரும்பி வந்துரும். அதான?" என்று கேட்டான் ரிஃபாத்.

ஜீவிதா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலாம். வராமலும் போகலாம்" என்றாள் ஜீவிதா. "ஆனா வண்டி கெளம்பிரும்."

அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

குரல் பதிவுக்கு மறுபடி கம்பளிப் போர்வை வந்தது. மூன்று தலைகளும் உள்ளே போயின. அப்பா முதல் விசிலைக் கொடுத்தார். அடுத்த நொடி ரிஃபாத் காதைப் பொத்திக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

"மாமா! காது போச்சு மாமா!"

போர்வைக்குள் பஸ் விசில் ஊதினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கடைசியில் ஜீவிதாவும் ரிஃபாத்தும் அறைக்குள் இருக்க, அப்பா வாசலில் நின்று ஊதினார். தெருநாய் ஒன்று பதிலுக்குக் குரைத்தது. ஸ்டான்லி அண்ணன் அதையும் வெட்டாமல் வைத்துக்கொண்டான். கிருமிக்கண்ணு அதட்டினார், கெஞ்சினார், தூங்குமூஞ்சியைக் காதோரம் எழுப்பினார். எல்லாம் விசிலில்தான்.

கடைசிக் காட்சி வந்தது. குப்பைத்தொட்டியிலிருந்து வண்டி மேலே ஏறி நிற்கிறது. கிருமிக்கண்ணு சட்டைத் தூசியைத் தட்டுகிறார்.

அப்பா இரண்டு விசில் கொடுத்தார்.

 இந்த இடத்தில்தான் எப்போதும் அந்த வார்த்தை வரும். ஜீவிதா எழுதும்போது அதற்கு மாற்றாக எதையும் யோசித்திருக்கவில்லை. அப்பா வாசலில் விசிலைப் பிடித்தபடி நின்றார். அந்த வெற்றிடம் எல்லோருக்கும் கேட்டது.

"போலாம் ரைட்!"

அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. தன் குரல் அவ்வளவு சத்தமாக வந்துவிட்டதே என்று அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, பதிஞ்சுருச்சாடா? அழிச்சுருங்க, அழிச்சுருங்க" என்றார்.

ஸ்டான்லி அண்ணன் ஜீவிதாவைப் பார்த்தான்.

"அழிக்காதண்ணே" என்றாள் ஜீவிதா. "அது அப்படியே இருக்கட்டும்."

அப்பா வாசலிலிருந்து அம்மாவைப் பார்த்து மெதுவாக, ஒரே ஒரு "பிப்" விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா யாருக்கும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

'வைரஸ் வண்டி' மறுபடி கிளம்பியது. பிள்ளைகள் நிறைய எழுதினார்கள். "நகலம்மாவுக்கு நல்லா வேணும்!" என்று ஒருவன். "எங்க வீட்டுல எல்லாரும் விசில்லயே பேசுறோம், அம்மா அடிக்க வர்றாங்க" என்று ஒருத்தி. ஜீவிதா மட்டும் ஒன்றையே தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து அதுவும் வந்தது.

விடிகாலையில் அப்பா யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, அவள் செல்போனோடு ஓடிவந்தாள்.

"அப்பா, இதக் கேளுங்க. அன்னைக்கு, கண்டக்டர் மாமா செத்துப் போயிட்டாரான்னு ஒரு பிள்ளை கேட்டுருந்துச்சு. உங்ககிட்ட நான் சொல்லல. அதே பிள்ளை இப்ப என்ன எழுதியிருக்குன்னா..." ஜீவிதா வாசித்தாள். "'கண்டக்டர் மாமா இருக்காரு. நான் விசில் கேட்டேன்.'"

அப்பா செல்போனை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். அவளிடம் திருப்பிக் கொடுத்தார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். இன்றைக்கு மறக்கவில்லை.

தெரு முனை வரைக்கும் போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே இரண்டு விசில் கொடுத்தார்.

வாசலில் நின்ற ஜீவிதாவும், அடுப்படியில் நின்ற அம்மாவும், தெருவே எழுந்துகொள்கிற மாதிரி ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"போலாம் ரைட்!"